சீமாட்டியின் இடது கை

நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். துபாயில் என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் செக்யூரிட்டி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்கப்போனால் அவர்களுக்கும் புரியாது, எனக்கும் எரிச்சல் வரும். யாரோ ஒரு பெரும் பணக்காரர் வாழ்நாள் முழுக்க வாங்கிக் குவித்த ஓவியங்களை ஒரு கட்டடம் கட்டி மாட்டி, ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறார். அந்தப் படங்களை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை உட்கார்ந்துகொண்டும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. என் கட்சியை யார் கேட்டார்கள்? உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, யாராவது கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. எல்லா மூலையிலும் கேமரா இருக்கிறது. படங்களைவிட எங்களைத்தான் அது அதிகம் பார்க்கிறது.

மாடியில் எனக்கும் பரமக்குடிக்காரர் ஒருவருக்கும் டியூட்டி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். குவைத்தில் அப்பாசியாவில் சில வருஷம், ரியாத்தில் பத்தா பக்கம் சில வருஷம் என்று சுற்றிவிட்டுக் கடைசியாக இங்கே வந்து சேர்ந்தவர். கம்பெனி எங்களைத் தங்கவைத்திருக்கும் கேம்பில் ஒரே ரூம். கீழ்க்கட்டில் அவருடையது, மேல்கட்டில் என்னுடையது. அவர் காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றும்போது கட்டில் ஒரு குலுக்குக் குலுங்கும். அதுதான் எனக்கு அலாரம்.

வலது முட்டி அவருக்குப் போய்விட்டது. மாடிப்படி ஏறினால் உள்ளே எதுவோ உரசும் சத்தம் கூட நடக்கிற எனக்கே கேட்கும். இது யாருக்கும் தெரியக் கூடாது. குளிர்காலம் முடியும்போது அவருடைய காண்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்க வேண்டும். நிற்க முடியாதவனைக் கம்பெனி புதுப்பிக்காது, டிக்கெட் போட்டு அனுப்பிவிடும். அவருடைய ஒரே மகள் மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு காண்ட்ராக்ட்ட மட்டும் போட்டுட்டா போதும்ப்பா. அதுக்குள்ள அவ படிச்சு முடிச்சுருவா. அப்புறம் இந்த முட்டி இருந்தா என்ன, போனா என்ன" என்பார்.

அதற்காக நாங்கள் செய்த தில்லுமுல்லு கொஞ்சநஞ்சமல்ல. முட்டிக்கு இறுக்கமாக ஒரு பெல்ட் வாங்கினோம். யூனிபார்ம் பேண்டுக்குள் அது புடைத்துக்கொண்டு தெரிந்தது. லீவு நாளில் சத்வா கடைத்தெருவுக்குப் போய், தையல்கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் ஒருவரிடம் பேண்டைக் கொடுத்து லூஸ் பண்ணச் சொன்னோம். வலது காலை மட்டும் லூஸ் பண்ணினால் போதும் என்று அண்ணன் சொன்னதும் அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஒரு காலு யானைக்காலு மாதிரியும் ஒரு காலு குச்சி மாதிரியுமா தைக்கச் சொல்றீய? ரெண்டையும் விட்டுத் தர்றேன், போங்க" என்றார். மாடிப்படி டியூட்டியை நான் எடுத்துக்கொண்டேன். உள் அறையை அவருக்குக் கொடுத்தேன். அது சின்ன அறை. ஒரு பெஞ்சு கூடக் கிடையாது. ஆனால் நடக்க வேண்டிய தேவை குறைவு.

அந்த உள் அறையில்தான் சீமாட்டி இருந்தார். அந்த அறைக்கே அவர்தான் எஜமானி. ஆளுயரப் படம். ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு பிரபு குடும்பத்துப் பெண், பெயர் தெரியவில்லை, வரைந்தவர் யாரென்றும் உறுதியில்லை என்று பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது. சாம்பல் நிறப் பட்டுக் கவுன் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும். கழுத்தில் முத்து. தலைமுடி கோபுரம் மாதிரி மேலே தூக்கிக் கட்டியிருக்கும். வலது கையில் மூடிய விசிறி. இடது கையைப் பக்கத்திலிருக்கும் பளிங்கு மேஜை மேல் வைத்திருப்பார். உதடு ஒட்டிக்கொண்டிருக்கும். கண் மட்டும் நம்மைப் பார்க்காது, நம் தலைக்கு மேலே சுவரில் எதையோ பார்க்கும்.

எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எங்கள் தாலுகா ஆபீசில் ஒரு அதிகாரி அம்மா இருந்தார். பட்டா மாற்ற மனுவோடு போய் நின்றால், மனுவை வாங்கிக்கொண்டே நமக்குப் பின்னால் நிற்கிறவனிடம் பேசுவார். அதே பார்வை. அண்ணனிடம் சொன்னேன்.

"திமிரு அண்ணே. நம்மளயெல்லாம் ஒரு ஆளாவே மதிக்கல பாருங்க."

"திமிரு இல்லப்பா. அவுகளுக்கு வலிக்குது."

"எங்க?"

"முட்டில."

சிரித்துவிட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல்தான். "உங்களுக்கு வலிக்குதுன்னா ஊருல உள்ளவங்களுக்கெல்லாம் வலிக்குமா? கவுனுக்குள்ள முட்டி எங்க இருக்குன்னே தெரியல, போங்கண்ணே."

"கையப் பாரு" என்றார். நான் பார்த்தேன். கை கை மாதிரிதான் இருந்தது.

மாதக்கணக்கில் இதே வழக்குதான். ஒருவர் டீ குடிக்கப் போக மற்றவர் அந்த இடத்தில் நிற்க வரும்போது நாலு வார்த்தை பேசிக்கொள்வோம், அந்த நாலும் சீமாட்டியைப் பற்றியதாகவே இருக்கும். புருஷன் செத்துப்போயிருக்க வேண்டும் என்று நான் ஒருநாள் சொல்வேன், முடியில் கறுப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாரே. பசியாக இருக்கும் என்று இன்னொரு நாள். அவர் அசைந்துகொடுக்க மாட்டார். முட்டி, முட்டி, முட்டி. ஒரு கட்டத்தில் எனக்குச் சலித்துவிட்டது. வேறு என்னதான் பேசுவது? ஊர் பேச்சு பேசினால் அடுத்த லீவை எண்ணத் தோன்றுகிறது. கம்பெனி பேச்சு பேசினால் வயிறு எரிகிறது. அந்தம்மாவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே படங்களை விளக்கிச் சொல்கிற மேடம் ஒருவர் உண்டு. வெளிநாட்டுக்காரர், படித்தவர், நல்லவர். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய்ச் சொல்வார். சீமாட்டியின் முன்னால் அவர் சொல்வது எனக்கு மனப்பாடம். மூடிய விசிறி அடக்கத்தைக் காட்டுகிறது. பளிங்கு மேஜை குடும்பத்தின் உறுதி. அதன் மேல் கை வைத்திருப்பதால் அந்தச் சொத்துக்கு அவரே உரிமையாளர். மேலே பார்க்கும் கண் அந்தஸ்து. சரியாகத்தான் இருக்கும், படித்துத் தெரிந்துகொண்டு சொல்கிறார். எங்களைக் கடந்து போகும்போது குட் மார்னிங் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

அந்த மேடத்துக்கு ஒருநாள் ஒரு யோசனை வந்தது. படங்களோடு அதிக நேரம் இருக்கிறவர்கள் காவலர்கள்தானே, அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டால் என்ன? ஒவ்வொருவரையும் ஒரு படத்தைப் பற்றிப் பேசச் சொல்லி, அதைக் காதில் மாட்டிக் கேட்கும் கருவியில் சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். சூப்பர்வைசர் வந்து சொன்னபோது எல்லோரும் நெளிந்தார்கள். அண்ணன் மட்டும் கையைத் தூக்கினார்.

"அண்ணே, சும்மா அழகா இருக்காங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க. வேற பேச வேணாம்" என்று பஸ்ஸில் வைத்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாப்பா" என்றார். மறுநாள் காலையில் அவர் முகச்சவரம் செய்து, மீசையைக் கத்தரித்து, என்னிடமிருந்து சென்ட் வாங்கிப் போட்டுக்கொண்டார். இவ்வளவு அலங்காரம் எதற்கு, படத்துக்குக் கண் தெரியாதே என்று கேலி செய்தேன். பதிலுக்குச் சிரித்தார்.

திறப்பதற்கு முன்னால் காலையிலேயே ரெக்கார்டிங். அண்ணனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. இந்தி தண்ணீர்பட்ட பாடு, குவைத்திலும் ரியாத்திலும் கற்றது. மேடத்துக்கு இந்தி தெரியாது. ஆகவே சூப்பர்வைசரே மொழிபெயர்ப்பாளர். அவர் ஜான்சிப் பக்கத்துக்காரர், இந்திதான் தாய்மொழி. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

அண்ணன் தொடங்கினார். அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த அம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க. முகத்தை நம்பாதீங்க, முகத்தை யாரும் மாத்திக்கலாம். இந்த இடது கையைப் பாருங்க. அது சும்மா மேஜைமேல இல்லை. நாலு விரலும் தட்டையா அழுந்தியிருக்கு, நகத்து நுனியில ரத்தம் இல்லை, வெளுத்திருக்கு. கட்டைவிரல் மேஜைக்கு அடியில போயிருக்கு. இடது தோள் ஒரு பொட்டு மேலே ஏறியிருக்கு. எடை முழுக்க இந்தப் பக்கம். அப்படின்னா பழுது வலது முட்டியில."

சூப்பர்வைசர் இங்கிலீஷில் சொன்னார். மேடம் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் அண்ணனைக் கவிழ்த்தது.

"சொல்லச் சொல்லுங்கள், இன்னும் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.

அண்ணனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. பழகிய இத்தனை நாளில் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"முதல்ல ஒண்ணும் தெரியாது மேடம். கொஞ்ச நேரம் போனா முட்டிக்குள்ள யாரோ ஆணி வச்சுத் திருகுற மாதிரி இருக்கும். அப்போ கட்டைவிரலை எதுக்காவது அடியில கொடுத்து நெரிக்கணும். விரல் வலிச்சா முட்டி கொஞ்சம் மறந்துபோகும். வாயை மூடி மூக்கால மூச்சு விடணும், வாயைத் திறந்தா முனகல் வந்துரும். எதிர்ல வர்றவங்க கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தா கண்டுபிடிச்சுருவாங்க. தலைக்கு மேல சுவத்தைப் பார்க்கணும். இந்த அம்மா பார்க்குறது அதைத்தான்."

நான் இருமினேன். இன்னொரு முறை பலமாக இருமினேன். அவர் காதில் விழவே இல்லை. சூப்பர்வைசர் வரிக்கு வரி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஆணி என்ற இடத்திலிருந்து மெதுவாகிவிட்டார். மொழிபெயர்க்கிறவன் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாக வேண்டும். கேட்டார். அவர் கண் அண்ணனின் பேண்டுக்கு இறங்கியது. அங்கிருந்து கைக்கு வந்தது. அண்ணனின் கட்டைவிரல் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் சொருகியிருந்தது.

"இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்?" என்று மேடம் கேட்டார், கள்ளங்கபடமில்லாமல்.

"நான் தினமும் செய்யுறதுதானே மேடம்" என்றார் அண்ணன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சூப்பர்வைசர் மேடத்தைப் பார்த்து, "பல நாள் கவனித்துத் தெரிந்துகொண்டாராம்" என்று இங்கிலீஷில் சொன்னார். மேடம் கைதட்டினார். அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு அண்ணன் நின்ற நிற்பை என்னால் பார்க்க முடியவில்லை. நான் படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் பஸ் ஏறும் இடத்துக்குச் சூப்பர்வைசர் வந்தார். அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தியில் சகோதரனைச் சொல்கிற மாதிரி, "பாய், அந்தப் படியில் ஏறி இறங்கு" என்றார். பஸ்ஸின் படியைத்தான் சொன்னார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டார். இறங்கும்போது முடியவில்லை.

"தெரியாமல் இருந்தவரைக்கும் தெரியாது பாய். தெரிந்த பிறகு, நாளைக்கு நீ மாடியில் விழுந்தால் என்னைத்தான் கேட்பார்கள்" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

கம்பெனி மெடிக்கலுக்கு அனுப்பியது. டாக்டர் முட்டியை மடக்கச் சொன்னாராம், மடக்கும்போதே போதும் என்று சொல்லிவிட்டாராம். கலாஸ், எல்லாம் முடிந்தது. காண்ட்ராக்ட் கிடையாது.

அன்று ரூமில் அவரைப் பிடித்துக் கத்திவிட்டேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா அண்ணே? எத்தன பாடு பட்டோம்? பேண்ட தைச்சு, டியூட்டிய மாத்தி... அந்தப் பொம்பள முட்டி எப்படிப் போனா உங்களுக்கென்ன?"

அவர் பெட்டிக்குள் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கேட்டாகளேப்பா. இங்க பாரு, நான் வந்து இம்புட்டு வருஷமாச்சு. அத எடு, இத வையி, அங்க நில்லு, யல்லா, ஜல்தி, இம்புட்டுத்தான் என்கிட்ட பேசியிருக்காக. நீ என்ன நெனைக்கிறன்னு யாராச்சும் கேட்டுருக்காகளா? அந்த மேடம் கேட்டுச்சு. எனக்கு நிறுத்தத் தெரியலப்பா."

மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது. அழுதேன். கீழே அவர் துணி மடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் போய்விட்டார். மகள் படிப்பை விடவில்லை, காலையில் காலேஜ், சாயங்காலம் ஒரு மருந்துக்கடையில் வேலை என்று போனில் சொன்னார். கடையிலும் அவள் நின்றுகொண்டேதான் இருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவருடைய இடத்துக்குப் புதிய ஆள் வந்திருக்கிறான். நேபாளத்துக்காரன், இளவயது, கால் கல் மாதிரி இருக்கிறது. உள் அறையை அவன் வேண்டாம் என்றான், ஒரே இடத்தில் நிற்க அவனுக்குப் போரடிக்கிறதாம். ஆகவே இப்போது உள் அறை எனக்கு.

சீமாட்டியும் நானும் எதிரெதிரே நிற்கிறோம். அவருக்கு முட்டி வலித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வரைந்தவர் கை போன போக்கில் விரலை அப்படி வரைந்திருக்கலாம். மேடம் சொல்வதுபோல அது சொத்துரிமையாகவே இருக்கலாம். வருகிறவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நேராகக் கையைத்தான் பார்க்கிறார்கள் இப்போது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அண்ணன் பேசியதை இங்கிலீஷில் வேறு யாரோ நல்ல குரலில் சொல்கிறார்களாம். நான் வாங்கிக் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை.

எனக்கு வருஷ ஆரம்பத்திலிருந்து குதிகால் சரியில்லை. காலையில் தரையில் வைத்தால் கண்ணாடிச் சில்லை மிதித்த மாதிரி இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் இடுப்புவரை ஏறுகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சத்வா தையல்கடை பாயிடமும் சொல்லவில்லை. என் காண்ட்ராக்ட் முடிய இன்னும் கொஞ்ச மாதம்தான் இருக்கிறது.

போன வாரம் மேடம் வந்தார். கையில் அதே சின்ன ரெக்கார்டர். பின்னால் சூப்பர்வைசர்.

"உங்கள் நண்பர் எங்கே, பார்க்கவே முடியவில்லையே?" என்றார்.

"ஃபினிஷ் மேடம். ஊருக்குப் போய்விட்டார்."

"அட, நல்லது. குடும்பத்தோடு ஓய்வாக இருப்பார் இல்லையா?" என்றார். மனதாரத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் சொன்னதை எல்லோரும் அவ்வளவு விரும்பிக் கேட்கிறார்கள். நீங்களும் இத்தனை நாளாக இந்த அம்மாவோடு இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஏதாவது தோன்றியிருக்குமே? என்ன பார்க்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று ரெக்கார்டரை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். காத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல இருந்தது. அந்தக் கவுனுக்குள் அம்மா எந்தக் குதிகாலைத் தூக்கி வைத்திருக்கிறார் என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பட்டு நல்லா இருக்கு, மேடம்" என்றேன்.

"அப்புறம்?"

"முத்தும் நல்லா இருக்கு."

அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு புன்னகை செய்து, பரவாயில்லை, நன்றி என்று சொல்லி ரெக்கார்டரை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.